ஒரு மண்டலம் முடியட்டும்

ஜூன் 3, திங்கள்

தண்ணீர் 650 மில்லி. மூத்திரம் 120. எடை 62.

டயாலிசிஸ் சிஸ்டர் எழுதச் சொன்னது இவ்வளவுதான். தினமும் எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது, காலையில் எடை என்ன. அதற்காக உரக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரியைத் தேடி எடுத்தேன். ஒரு வரி எழுதினால் மிச்சப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. எனக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. என் புலம்பலை அதில் எழுதிக்கொள்கிறேன். இவர் படிக்க மாட்டார். கண்ணாடி உடைந்து மூன்று மாதம் ஆகிறது.

இவர் என்பது என் வீட்டுக்காரர் ராஜையன். பதினான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தோம். முப்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்த உடம்பு, இப்போது கட்டிலிலிருந்து வாசலுக்கு வர இரண்டு இடத்தில் சுவரைப் பிடிக்கிறது. இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்திவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் மெஷினில் போட்டு இரத்தத்தைக் கழுவ வேண்டும். திரும்ப வேலை செய்யுமா, ஆயுசுக்கும் மெஷின்தானா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தூக்கிப் பிடிக்க நான் ஒருத்திதான்.

நாகர்கோவிலில் பூங்கா வாசலில் ஒன்பது வருடமாக மூலிகைச் சாறு விற்கிறேன். அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லிக்காய், முடக்கத்தான் சூப், தூதுவளை சூப். காலையில் நடக்க வருகிறவர்கள் என்னிடம் ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அப்படிப்பட்டவள் வீட்டில் கிட்னி போன ஆள் என்று தெரிந்தால் யார் வருவார்கள்? திருவனந்தபுரத்தில் தம்பி வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

தண்ணீர் 600. மூத்திரம் 110. எடை மெஷினுக்கு முன் 62.5, பின் 60.

நான்கு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. டாக்டர் ஹசீனா சின்னப் பெண், முகம் சுளிக்காமல் பேசுகிறாள். ஸ்கேனில் கிட்னி சுருங்கவில்லையாம். அதனால் இது பழைய வியாதி இல்லை, கொஞ்ச நாளைக்குள் வந்தது, காரணம் தெரிந்தால் சிகிச்சைக்கு வழி கிடைக்கும் என்றாள்.

"நாட்டு மருந்து, லேகியம், கஷாயம், ஜூஸ், ஏதாவது குடிச்சாரா?"

"முட்டுவலிக்கு மெடிக்கல்ல மாத்திர வாங்கித் தின்னாவ டாக்டர்."

"எத்தன?"

"அஞ்சாறு இருக்கும்."

"அஞ்சாறு மாத்திரைல இந்த அளவுக்குப் போகாதேம்மா. வேற ஒண்ணும் இல்லியா?"

"இல்ல டாக்டர்."

இவர் படுத்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தொழில் என்று அடுத்துக் கேட்டதும் நான் வாயைத் திறக்குமுன் இவர் முந்திக்கொண்டு, "பெட்டிக்கட" என்றார். காரணம் பிடிபடவில்லை என்றால் ஊசி போட்டு கிட்னியில் துளி எடுத்துப் பார்ப்பார்களாம்.

முட்டுவலி மாத்திரைதான். வேறு என்ன இருக்க முடியும்?

ஜூன் 5, புதன்

தண்ணீர் 700. மூத்திரம் 130. எடை 60.5.

வண்டியைத் திறந்தேன். இரண்டு வாரத்துத் தூசி.

ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார்கள். இவருக்கு ஆகாதவை. இளநீர், வாழைத்தண்டு, நெல்லிக்காய், முருங்கைக்கீரை, தக்காளி. காயை நறுக்கி வெந்நீரில் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேகவைக்க வேண்டும். காய் வெந்த தண்ணீரில்தான் சத்து முழுக்க இருக்கிறது என்று ஒன்பது வருடமாக ஊருக்குச் சொன்னவள் அதை வாய்க்காலில் ஊற்றுகிறேன். என் வண்டிப் பலகையில் மூன்று கலரில் எழுதியிருக்கும் பெயர்களில் முக்கால்வாசி இந்தக் காகிதத்தில் இருக்கின்றன. சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, கல்லடைப்பு, முடி உதிர்தல் என்று பலகையில் நான் எழுதாத நோய் பாக்கியில்லை. இடம் இருந்திருந்தால் கல்யாணத் தடையையும் எழுதியிருப்பேன். படித்தது எல்லாம் வாரப் பத்திரிகையிலும் போன் வீடியோவிலும்தான்.

ஜெபமணி சார் முதல் ஆளாக வந்தார். ரிட்டயர்டு தலைமையாசிரியர். அதிர்ந்து ஒரு சொல் பேச மாட்டார். வண்டி போட்ட முதல் வாரத்திலிருந்து வருகிறவர்.

"என்ன புஷ்பம், ரெண்டு வாரமா காணல்லியே. ராஜையன் எங்க?"

"தம்பி வீட்டு வேலையா திருவனந்தபுரம் போயிருக்காவ சார்."

"எனக்கு கொலஸ்ட்ரால் எரநூத்தறுவது. மாத்திர எழுதித் தந்திருக்காரு. எனக்கு மாத்திரையக் கண்டாலே ஆகாது. ராஜையன் காலம்பற பச்ச நெறத்துல ஒரு டம்ளர் குடிப்பான்லா? அதுல கொழுப்பு கொறயும்னு நீதானே சொன்ன? எனக்கும் அதப் போடு. ஒரு மண்டலம் குடிக்கேன்."

அது பிலிம்பிக்காய்ச் சாறு. விரல் நீளத்தில் பச்சையாக மரத்தண்டிலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மீன் குழம்பில் இரண்டு போட்டால் புளியே வேண்டாம். எங்கள் கொல்லையில் ஒரு மரம் நிற்கிறது. எதையும் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விடாமல் எடுத்தால்தான் உடம்பில் பிடிக்கும், நடுவில் விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் நான் நடத்துகிற பாடம்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். நாளை கொண்டுவருகிறேன் சார் என்றேன்.

ஜூன் 6, வியாழன்

தண்ணீர் 650. மூத்திரம் 120. எடை 61.

சாருக்கு முதல் நாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கண்ணை இறுக்கிக்கொண்டார். பாவம், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

ஜூன் 8, சனி

தண்ணீர் 750. மூத்திரம் 100. எடை 62.

இவர் தாகத்தில் தவிக்கிறார். ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு அரைமணி ஓட்டுகிறார். இன்று மறுபடி விக்கல். எல்லாம் தொடங்கியதே விக்கலில்தான். மே மாதம் மூன்று நாள் நிற்காமல் விக்கினார். ஓமம் கொடுத்தேன், சர்க்கரை கொடுத்தேன், யாரோ உங்களை நினைக்கிறார்கள் என்று கேலி வேறு செய்தேன். அதற்குப் பிறகு வாந்தி, கால் வீக்கம், மூத்திரம் சொட்டுச் சொட்டாக.

சாருக்கு மூன்றாம் நாள்.

ஜூன் 11, செவ்வாய்

தண்ணீர் 600. மூத்திரம் 110. மெஷினுக்கு முன் 63, பின் 60.5.

எதிர் பெஞ்சில் மார்த்தாண்டத்துக்காரி ஒருத்தி, தன் அண்ணனுக்காக வந்தவள். சும்மா இருக்க முடியாமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

"எங்க தெருவுல ஒருத்தரு கொழுப்பு கொறயணும்னு பிலிம்பிக்காய அரைச்சு அரைச்சு குடிச்சாரு கேட்டியளா. அது கிட்னில உப்பாட்டு போய் அடைச்சிட்டாம். டாக்டருமாரே தலையில அடிச்சாவ."

"ஆருக்குத் தெரியும், ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாவ" என்றேன்.

அந்த அம்மாவுக்கு வாய் நீளம். ஊர்க்கதை எல்லாம் மடியில் கட்டிக்கொண்டு வருகிறாள். இவர் உள்ளே மெஷினில் இருந்தார், நல்லவேளை. வீட்டு வாசலில் ஆட்டோக்காரருக்கு இரண்டு தடவை காசு நீட்டினேன். வெயில்.

ஜூன் 12, புதன்

தண்ணீர் 650. மூத்திரம் 120. எடை 61.

சாருக்கு இன்று வெள்ளரிக்காயும் எலுமிச்சையும் அரைத்துக் கொடுத்தேன். அதே பச்சை, அதே புளிப்பு என்று சொல்ல முடியாது, பரவாயில்லை. பிலிம்பிக்காய் வரத்து இல்லை.

கொல்லையில் மரம் தரை தெரியாமல் உதிர்த்துக் கிடக்கிறது என்பது வேறு விஷயம்.

ஜூன் 14, வெள்ளி

தண்ணீர் 600. மூத்திரம் 100. பின் 60.5. சாருக்கு வெள்ளரிக்காய்.

ஜூன் 16, ஞாயிறு

தண்ணீர் 700. மூத்திரம் 110. எடை 62.

ஆள் கூப்பிட்டுக் கொல்லை மரத்தை வெட்டிவிட்டேன். இவர் நாற்காலியைக் கதவருகே போடச் சொல்லி உட்கார்ந்து பார்த்தார்.

"நல்லா காய்க்கிய மரம்லா புஷ்பம்?"

"செவத்த இடிக்கு."

கொத்தனாருக்குக் கண்ணளவு தெரியாதா? சுவர் ஆறடி தள்ளி நிற்கிறது. இவர் மரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"ஆமா, இடிக்கு" என்றார்.

வெட்டிய கிளைகளை வண்டியில் ஏற்றி அனுப்பினேன். கை முழுக்கப் பிசின்.

ஜூன் 18, செவ்வாய்

தண்ணீர் 650. மூத்திரம் 110. பின் 61.

மெஷின் நடுவில் இவருக்குக் கால் பிடித்து இழுத்துக் கத்தினார். நான் இதுவரை இவர் கத்திக் கேட்டதில்லை. சாரம் சரிந்து விழுந்து கை ஒடிந்தபோதுகூட, 'ஏய், தண்ணி கொண்டா' என்றுதான் சொன்னாராம். டாக்டர் ஹசீனா ஓடி வந்தாள். போகும்போது மறுபடி அதே கேள்வி.

"நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா. ஏதாவது?"

"இல்ல டாக்டர்."

சாருக்குப் பதின்மூன்றாம் நாள். வெள்ளரிக்காய். "முந்தின அளவுக்குப் புளிப்பு இல்லியே புஷ்பம்" என்றார். பருவம் அப்படி சார் என்றேன். சிரித்தேன் வேறு.

ஜூன் 20, வியாழன்

தண்ணீர் 700. மூத்திரம் 120. எடை 62.

தூக்கமில்லை, கண் எரிகிறது. மருந்துச் சீட்டுகளை அடுக்கும்போது மார்ச் மாதம் மருத்துவ முகாமில் இவருக்குக் கொடுத்த சீட்டு கிடைத்தது. கொலஸ்ட்ரால் கூடுதல், மாத்திரை ஒன்று எழுதியிருந்தார்கள். நானிருக்கும்போது உங்களுக்கு மாத்திரை எதற்கு என்று அந்தச் சீட்டை மடித்து டப்பாவில் போட்டவள் நான்தான். ஏப்ரல் எட்டாம் தேதி தொடங்கினோம். தினமும் ஒரு டம்ளர், வெறும் வயிற்றில், தண்ணீர் சேர்க்காமல்.

முப்பத்துநாலாம் நாள் இவர் டம்ளரைத் தள்ளிவைத்து

எதற்கு இப்போது அது. அடுப்பில் கஞ்சி பொங்குகிறது.

ஜூன் 24, திங்கள்

தண்ணீர் 650. மூத்திரம் 120. எடை 62.5.

இன்று ஜெபமணி சார் டம்ளரைக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"புஷ்பம், தப்பா எடுக்காத. ஒனக்க சாறுல இப்ப புளிப்பே இல்ல. காய் கெடைக்கல்ல போல. நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்க சர்ச் காம்பவுண்டுல ஒரு பிலிம்பி நிக்கு. சர்ச்சப் பாத்துக்கிடுக கோயில்குட்டிகிட்ட சொல்லி தெனமும் ஒரு கூட பறிக்கேன். ஒரு வாரமா வீட்டுல ரெண்டு டம்ளர் அடிக்கேன், காலம்பற ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. விட்டதப் பிடிக்கணும்லா. மண்டலம் முறியக்கூடாதுன்னு நீதானே சொல்லுவ?"

அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"ரெண்டு வேண்டாம் சார். கொறைச்சுக் குடிங்க."

"கொறைக்கவா? ஏன்?"

பின்னால் நான்கு பேர் நின்றார்கள். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாலையா, அவர் கூட்டம். எல்லோர் முகமும் என்னைப் பார்த்தது.

"வயிறு எரியும்லா, அதுக்குத்தான்."

"எனக்க வயிறு இரும்பு" என்று தட்டிக் காட்டிவிட்டு நடந்து போய்விட்டார். கெட்டிக்காரத்தனமாக வெள்ளரிக்காய் அரைத்தேனே, அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் தீயை வைக்க. காரணத்தைச் சொல்லியிருந்தால் இந்த மனுஷன் மரத்தைத் தேடிப் போயிருப்பாரா?

ஜூன் 25, செவ்வாய்

தண்ணீர் 600. மூத்திரம் 110. பின் 61. ஆஸ்பத்திரி நாள். விடியுமுன்பே வரச் சொல்லிவிட்டார்கள், வண்டி போடவில்லை. சாரிடம் நாளை சொல்ல வேண்டும்.

ஜூன் 26, புதன்

தண்ணீர் 650. மூத்திரம் 130. எடை 61.5. சார் வந்தார். கூட்டமாக இருந்தது. நாளை.

ஜூன் 27, வியாழன்

தண்ணீர் 700. மூத்திரம் 120. எடை 62. சாருக்கு முகம் வீங்கின மாதிரி இருந்தது. தூக்கம் சரியில்லை என்றார். சொல்லவில்லை. என் நாக்கு அழுகிப்போகட்டும்.

ஜூன் 28, வெள்ளி

தண்ணீர் 600. மூத்திரம் 100. பின் 61. ஆஸ்பத்திரி நாள். காலையில் வண்டி போடாமலே பூங்கா வாசலுக்குப் போய் நின்றேன். சார் வரவில்லை.

ஜூன் 29, சனி

காலைத் தண்ணீர்க் கணக்கு எழுத மறந்துவிட்டேன். இவரே ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்திருக்கிறார். 650. 120. எடை 62.

இன்றும் சார் வரவில்லை. பாலையாவிடம் கேட்டேன்.

"ஜெபமணியா? ரெண்டு நாளா ஒரே வாந்தி. விக்கலு வேற நிக்கமாட்டேங்குதாம். கேஸ் டிரபிளுன்னு சொன்னாவ."

விக்கல் என்று கேட்டதும் அருகம்புல் கட்டை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை.

சார் சாய்வு நாற்காலியில் இருந்தார். நான்கு வார்த்தைக்கு ஒரு விக்கல். பாதத்தைப் பார்த்தேன், செருப்பு வார் அழுந்தின இடம் குழியாக நின்றது. இதே குழியை நான் இவர் காலில் பார்த்திருக்கிறேன். மேசையில் பச்சைச் சாறு பாதி டம்ளர் இருந்தது. எடுத்து முற்றத்தில் ஊற்றினேன்.

அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர் திகைத்துப்போய், "ஏம்மா, என்ன செய்யிய?" என்றார்.

"டீச்சர், சார இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கேஸ் இல்ல இது. கிட்னி டெஸ்டு எடுக்கச் சொல்லுங்க. பிலிம்பிக்காய்ச் சாறு குடிச்சாருன்னு டாக்டர்ட்ட மறைக்காம சொல்லுங்க."

"அதெப்படி ஒனக்குத் தெரியும்?"

"எனக்க வீட்டுல ஒருத்தரு படுத்துக் கெடக்காவ டீச்சர். திருவனந்தபுரத்துக்கு ஒண்ணும் போகல்ல. அவியளுக்கு நாந்தான் அரைச்சுக் குடுத்தேன்."

முதல் தடவையாகச் சொன்னேன். யாரோ பக்கத்தில் நின்று சொல்வது மாதிரி கேட்டது.

"எப்பத் தெரியும் ஒனக்கு?" டீச்சர் குரல் இறங்கிவிட்டது.

"பதினொண்ணாம் தேதி."

"பதினெட்டு நாளா தெரிஞ்சிட்டு சும்மா இருந்தியா? இவரு தெனமும் ஒனக்க மொகத்துக்கு நேர வந்து நின்னாருல்லா?"

சார் விக்கலுக்கு நடுவில் கையை உயர்த்தி, "விடு ஸ்டெல்லா. மொத ஆட்டோவ நிறுத்து" என்றார். நான் வந்த ஆட்டோ தெருமுனை தாண்டியிருந்தது. பின்னால் ஓடிப்போய் நிறுத்தினேன்.

ஜூன் 30, ஞாயிறு

தண்ணீர் 700. மூத்திரம் 120. எடை 62.5.

டீச்சர் போன் செய்தார். கிட்னி அடி வாங்கியிருக்கிறது, ஆனால் மூத்திரம் போகிறது, சாறு இன்னும் நான்கு நாள் போயிருந்தால் மெஷின்தான் என்றார்களாம். டிரிப் ஏற்றுகிறார்கள். சொல்லிவிட்டு டீச்சர் வைத்துவிட்டார். நன்றி என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. சரிதான்.

இன்று எழுதிவிடுகிறேன். முப்பத்துநாலாம் நாள், மே பதினொன்று, இவர் டம்ளரைத் தள்ளிவைத்தார். "புஷ்பம், வயிறு எரியுது. மூத்திரம் செரியா போகல்ல. விட்டுருவோமா?" என்று கேட்டார். "இன்னும் பதினாலு நாள்தானே. நடுவுல முறிச்சா இதுவரைக்கும் குடிச்சதெல்லாம் வீண். மண்டலம் முடியட்டும்" என்று டம்ளரைத் திரும்பக் கையில் கொடுத்தேன். இவர் குடித்தார். அதற்குப் பிறகும் ஏழு நாள் குடித்தார். நான் கொடுத்தேன் என்பதற்காகக் குடித்தார்.

முட்டுவலி மாத்திரை இல்லை. எனக்கு அது அப்போதே தெரியும்.

ஜூலை 2, செவ்வாய்

தண்ணீர் 600. மூத்திரம் 130. பின் 61.

மெஷினில் போட்டு அரைமணி ஆகியிருக்கும். டாக்டர் ஹசீனா வந்து, வெள்ளிக்கிழமை ஊசி போட்டுத் துளி எடுப்போம், கையெழுத்துப் போடுங்கள் என்று காகிதத்தை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"டாக்டர், நான் பொய் சொல்லிட்டேன். எங்களுக்குப் பெட்டிக்கட இல்ல. நான் பூங்கா வாசல்ல மூலிக ஜூஸ் விக்கேன். இவியளுக்கு பிலிம்பிக்காய் அரைச்சு நாப்பத்தொண்ணு நாள் குடுத்திருக்கேன். தெனமும் ஒரு டம்ளர்."

பேனா நின்றுவிட்டது. "தண்ணி கலந்தா?"

"இல்ல. தனிச் சாறு."

கட்டிலிலிருந்து இவர் குரல் வந்தது. ஒரு மாதத்தில் அத்தனை சத்தமாகப் பேசியதே இல்லை.

"டாக்டர், அவ சொல்லுகத எழுதாதிய. அவளுக்கு ஒண்ணுந் தெரியாது. அவ காலம்பற வண்டிக்குப் போன பெறவு நானாட்டு பறிச்சு, நானாட்டு அரைச்சுக் குடிச்சேன். இவ எனக்காச் சுட்டி பழிய ஏத்துக்கிடுகா."

மிக்ஸியை எந்தப் பக்கம் திருப்பினால் ஓடும் என்று தெரியாத மனுஷன். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். இந்தப் பொய் இன்று முளைத்ததில்லை. பெட்டிக்கடை என்று முந்திக்கொண்ட அன்றிலிருந்து, மின்விசிறியைப் பார்த்தபடி, தயாராக வைத்திருந்திருக்கிறார். நான் என்றைக்காவது மாட்டிக்கொண்டால் எடுத்து வீச.

"பொய் டாக்டர்" என்றேன். "வேண்டாம்னு சொன்னாவ. நாந்தான் குடிக்க வச்சேன்."

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். சோர்ந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒரு மாசம்மா. மூணு தடவ கேட்டேன். மொத நாளே சொல்லிருந்தா அதுக்கேத்த மாதிரி மருந்த மாத்திருப்பேன். இது சில பேருக்குத் தானா திரும்பி வரும், சில பேருக்கு வராது. நாள் போகப் போக வாய்ப்பு கொறயும். இனிமே என்ன முடியுமோ பாக்கேன். ஊசி எப்படியும் போடணும்."

கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 3, புதன்

தண்ணீர் 650. மூத்திரம் 130. எடை 61.5.

இன்று எதையும் அரைக்கவில்லை. வெறும் வண்டியைப் பூங்கா வாசலில் நிறுத்தினேன். நடந்து முடித்து வந்தவர்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னேன், பிறகு கூட்டம் சேர்ந்ததும் ஒரேயடியாகச் சொன்னேன். வீட்டுக்காரருக்கு நடந்தது, சாருக்கு நடந்தது, நான் மறைத்தது எல்லாம். பிலிம்பிக்காய்ச் சாறு யார் குடித்தாலும் நிறுத்துங்கள், உடனே டெஸ்ட் எடுங்கள் என்றேன்.

பாலையாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்ப நாங்க இவ்வளவு வருசமா குடிச்சது? வாழத்தண்டு, நெல்லிக்கா, அருகம்புல்லு? அதுவும் இப்படித்தானா?"

அதில் ஒன்றும் இல்லை சார், பயப்படாதீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஒன்பது வருடமாக எந்தக் கேள்விக்கும் அங்கே நின்று பதில் வைத்திருந்தவள்.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன். "டாக்டர்ட்ட கேளுங்க."

ஒருவர் காறித் துப்பினார். ஒரு அம்மா என் கையைப் பிடித்து, உன் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இரண்டில் எதைத் தாங்குவது கஷ்டம் என்று சொல்லத் தெரியவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 5, வெள்ளி

தண்ணீர் 500. மூத்திரம் 140. ஊசி போட்டார்கள். முதுகில் கட்டு. ஆறு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தார்.

ஜூலை 9, செவ்வாய்

தண்ணீர் 650. மூத்திரம் 170. பின் 61.

ரிப்போர்ட் வந்துவிட்டது. கிட்னிக்குள் படிகம் படிகமாக உப்பு. டாக்டர் ஹசீனா காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஜெபமணி சார் மெஷின் இல்லாமலே தப்பித்து வீட்டுக்குப் போய்விட்டாராம். கேட்டதும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம் பாதி, எரிச்சல் பாதி. அவருக்குச் சொல்ல ஆள் இருந்தது. இவருக்கு இருந்த ஆள் நான்.

ஜூலை 12, வெள்ளி

தண்ணீர் 700. மூத்திரம் 230. பின் 61.

மூத்திரம் கொஞ்சம் கூடுகிறது என்றாள் டாக்டர். இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, மூன்று மாதம் பார்க்க வேண்டும், அதற்கு முன் ஆசையும் வேண்டாம், அவநம்பிக்கையும் வேண்டாம் என்றாள்.

வீட்டுக்கு வந்து மத்தியானம் கஞ்சி கொடுத்தேன். நான்கு கரண்டி சாப்பிட்டார். டாக்டரிடம் இவர் அந்தப் பொய்யைச் சொன்ன பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. இன்று நானே எடுத்தேன்.

"முப்பத்துநாலாம் நாள் வேண்டாம்னு சொன்னியளே, ஞாபகம் இருக்கா?"

"நான் எப்பச் சொன்னேன்? எனக்கு ஞாபகம் இல்ல."

ஞாபகம் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன் கட்டின வீட்டுக்கு எத்தனை செங்கல் இறங்கியது என்று இன்றும் சொல்கிறவர்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"ஒரு தடவயாவது என்ன திட்டித் தொலைங்களேன். ஒங்க ஒடம்ப இப்படி ஆக்கினவ நான். அன்னைக்கும் சொல்லல்ல, டாக்டர் முன்னாலயும் சொல்லல்ல, இப்பவும் சொல்லமாட்டேங்கிய. ஒரு கெட்ட வார்த்த, ஒண்ணே ஒண்ணு. எனக்குத் தாங்கல்ல."

இவர் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார். பேச மூச்சுச் சேர்க்க வேண்டியிருந்தது.

"திட்டுனா நீ அழுவ. அழுதா ஒன்னத் தேத்தணும். எனக்கு இப்ப அதுக்கு தெம்பு இல்ல புஷ்பம். தெம்பு வரட்டும். அன்னைக்கு வச்சு வாங்குகேன் பாரு."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தெம்பு வரட்டும் சாமி. வந்து, தெருவே கூடி நின்று கேட்கிற மாதிரி என்னைத் திட்டட்டும்.